சுனாமி எச்சரிக்கை: கடலடி அழுத்தமானியா, ஜி.பி.எஸ். சமிக்ஞையா?

கடலடி அழுத்தமானி நேரடிச் சாட்சி. மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் உணர்ந்து, மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடும். ஆனால் மிதவை பழுதானால் கப்பல் அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். மிதவைகளுக்கு இடையே தூரமும் அதிகம்.

ஜி.பி.எஸ். முறை சுற்றுவழிதான், ஆனாலும் அழகு. பரந்த கடற்பரப்பு சற்றே எழுந்தாலும் மேலுள்ள காற்றைத் தள்ளுகிறது. உயரே காற்று மெலிய மெலிய அந்த அலை பெருத்து, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த வான் அடுக்கு) எலக்ட்ரான்களைக் குலுக்குகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்பும் இரண்டு அதிர்வெண்களும் அங்கே வெவ்வேறு அளவில் தாமதமாகின்றன. அந்த வித்தியாசமே தடயம். 2011 தோஹோகு நிலநடுக்கத்தின்போது ஜப்பானின் ரிசீவர்களில் இந்தக் குலுக்கல் வளையம் வளையமாகப் பதிவானது. ரிசீவர் நிற்பது தரையில். பார்ப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிய கடலின் மேல்வானத்தை!

குறை? அலை அவ்வளவு உயரம் ஏறவே எட்டு, பத்து நிமிடமாகும். சூரியப் புயலும் இதே மண்டலத்தைக் கலக்கும். பக்கத்துக் கரைக்கு நில அதிர்வுமானிதான் கதி. தொலைதூரக் கரைகளுக்கு, மிதவை இல்லாத கடல்களில், என் ஓட்டு ஜி.பி.எஸ்.ஸுக்கே. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் கிளம்பிய சுனாமியை, அது ஹவாயை எட்டுமுன்பே இதே ஜி.பி.எஸ். முறையில் இயங்கும் நாசாவின் கார்டியன் அமைப்பு காட்டிக்கொடுத்தது.