விராலா, குரவையா: வீட்டு மீன் தொட்டிக்கு எது?

ஏரியில் பிடித்த விரல் நீளக் குஞ்சுகளாகப் பார்க்கும்போது இரண்டுமே அழகுதான். வித்தியாசம் வளர வளரத்தான் தெரியும்.

விரால் சாதாரணமாகவே இரண்டடி தொடும், ஒரு மீட்டர் வரையும் போகும். அதற்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியாவது வேண்டும். தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 850 கிலோ! மாடி வீடு என்றால் தளம் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். குரவை பெரும்பாலும் அரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடும்; நாலடித் தொட்டி போதும்.

சின்னது என்பதால் குரவை சாது என்று நினைக்க வேண்டாம். கூட இருக்கும் மீனின் வாலைக் கடித்துக் குதறிவிடும். விரால் கடித்துக்கொண்டிருக்காது, வாய்க்கு அடங்கினால் விழுங்கிவிடும். ஆக, இரண்டையும் தனியாக வைப்பதே நல்லது.

இரண்டும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். விளிம்பு வரை நீர் நிரப்பி மூடினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆனால் மூடியின் மேல் கனமாக எதையாவது வையுங்கள், இல்லையென்றால் விடிகாலையில் மீன் தரையில் கிடக்கும்.

தீனிக்கு மண்புழு, இறால் துண்டு என்று இரண்டையுமே பழக்கலாம்.

என் ஓட்டு குரவைக்கு. விராலுக்குக் குளம்தான் சரி, அப்புறம், குழம்பும்.