மண்டபம் ஊரில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சின்ன லேப்: எங்கள் 12 வார அனுபவம்

அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டிய பிறகுதான் தெரிய வந்தது. சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, கூடவே ரிபாவிரின், மொத்தம் 12 வாரம். ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும், முதல் நாலு வாரத்துக்குள்ளேயே ஹீமோகுளோபின் இறங்கும், அதனால் 2ஆவது வாரமும் 4ஆவது வாரமும் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) பார்த்தே ஆக வேண்டும் என்று மதுரை டாக்டர் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் மண்டபத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்வர அவன் உடம்பு தாங்காது.

ஆரம்பத்தில் வேறொரு இடத்தில் எடுத்தோம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 28,000 என்று வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லீரல் சுருங்கினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது எங்களுக்குத் தெரியும், அவனுக்கு எப்போதுமே 80,000 பக்கம்தான். ஆனாலும் 28,000? கடைத்தெரு லேபுக்கு ஓடினேன். அங்கிருக்கும் அக்கா புதிதாக ரத்தம் எடுத்து ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தால் சிலருக்கு இப்படி ஆகுமாம், மெஷின் குறைத்து எண்ணிவிடுமாம். நீல மூடிக் குழாயில் எடுத்துப் பார்த்ததும் 76,000. அன்றிலிருந்து எல்லாமே இங்கேதான்.

காலை ஆறரைக்கு லேபிலிருந்து ஒரு தம்பி வண்டியில் வந்துவிடுவார். அண்ணன் கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம், பொறுமையாகத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுப்பார். எடுத்ததும் குழாயைக் குலுக்காமல் மெதுவாக எட்டுத் தடவை கவிழ்த்து நிமிர்த்துவார், நான் எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு வர 100 ரூபாய் கூடுதல்.

ஹீமோகுளோபின் 12.4இல் ஆரம்பித்து 2ஆவது வாரம் 10.9, 4ஆவது வாரம் 9.3. கடற்கரையிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் ரெண்டு இடத்தில் உட்கார்ந்தான். சாயங்காலம் தர வேண்டிய ரிப்போர்ட்டை அக்கா மதியமே போனில் சொல்லி, பழைய எண்களையும் பக்கத்தில் எழுதி அனுப்பினார். அதைப் பார்த்து டாக்டர் ரிபாவிரினை 1000 மில்லிகிராமிலிருந்து 600ஆகக் குறைத்தார். 10க்குக் கீழே போனால் குறைப்பார்கள், 8.5க்குக் கீழே என்றால் ரிபாவிரினை நிறுத்துவார்கள், மற்ற மாத்திரை அப்படியே ஓடும். தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அம்மா சுவரொட்டி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஊட்டித் தள்ளினார். அவர் மனசுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் இது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை இல்லை, அணுக்கள் உடைவதால் வருவது, இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். 8ஆவது வாரம் 10.4 வந்தபோது அக்காவே சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

குறை என்றால் ஞாயிறு லீவு, முதல் நாள் ராத்திரியே சொல்லி வைக்க வேண்டும், வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற டெஸ்ட்) இங்கே பார்ப்பதில்லை, வெளியே அனுப்புவதால் நாலைந்து நாள் ஆகும். மாத்திரை போன வாரம் முடிந்தது. 12 வாரம் கழித்து, வைரஸ் போய்விட்டதா என்று பார்க்க அந்த வைரல் லோடு டெஸ்ட் எடுக்க வேண்டும், தம்பியிடம் இப்போதே தேதி சொல்லிவிட்டேன்.