சிபியுஇன்ஃபோவா, எல்எஸ்சிபியுவா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலை. அங்குள்ள லினக்ஸ் சர்வரில் எட்டு கோர் (சிபியுவுக்குள் வேலை செய்யும் தனி அலகு) என்றார் கணக்கர். ப்ராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ (/proc/cpuinfo) கோப்பைத் திறந்தால் அப்படித்தான் தோன்றும்: 'ப்ராசஸர்' 0 முதல் 7 வரை. ஆனால் அவை லாஜிக்கல் எண்கள், உண்மையான கோர்கள் அல்ல. அதிலேயே 'சிப்ளிங்ஸ்' (ஒரு சிப்பிலுள்ள லாஜிக்கல் எண்ணிக்கை) 8, 'சிபியு கோர்ஸ்' 4 என்றிருந்தது. அப்படியென்றால் ஹைப்பர்த்ரெடிங் ஓடுகிறது, அதாவது ஒரு கோரே இரண்டாகத் தெரிகிறது. ஆலை வழக்கில் சொன்னால், மாம்பழம் நறுக்க நான்கே பேர், ஆளுக்கு இரண்டு கூடை. ஒரு கூடை வரத் தாமதமானால் மற்றதில் கை போகும். வேலை கூடுதலாக நடக்கும், இரட்டிப்பாகாது.

எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையோ சாக்கெட் (சிப் பொருந்தும் இடம்) 1, சாக்கெட்டுக்குக் கோர் 4, கோருக்கு த்ரெட் (லாஜிக்கல் எண்) 2 என்று நேராகச் சொல்லிவிடும். அவசரத்துக்கு நான் இதைத்தான் தட்டுவேன். எந்த இரண்டு எண்கள் ஒரே கோரைப் பங்கிடுகின்றன என்பதையும், -e சேர்த்துத் தட்டினால், இது அட்டவணையாகக் காட்டும். சிபியுஇன்ஃபோவில் 'கோர் ஐடி'யைத் தேடி உருட்டிக்கொண்டே போகவேண்டும்.