ஆர்தர் கதையைப் பல பாகங்களில் எழுத எந்த மூலம் தாங்கும்? ஜெஃப்ரி, மாலரி, வல்கேட் தொகுதி: ஓர் ஒப்பீடு

ஆர்தர் மன்னன் கதையை நான்கைந்து பாகங்களாக எழுத உட்காருகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த இடைக்கால நூலின் காலவரிசையைப் பின்பற்றுவது என்பதைத்தான். எல்லாவற்றையும் படித்து, பிடித்ததைக் கலந்துகொள்வது முதல் பாகத்துக்கு ஓடும். மூன்றாம் பாகத்தில் யாரோ ஒருவரின் வயது உதைக்கும். அதற்குள் முதல் பாகம் அச்சாகி வாசகர் கைக்குப் போயிருக்கும், திருத்த முடியாது. ஆகவே ஆண்டுக்கணக்கை ஒரு நூல் சொல்ல வேண்டும், மற்றவை அதற்கு அடங்கி நடக்க வேண்டும். என் தேர்வு, மான்மத் ஜெஃப்ரி 1130களின் பிற்பகுதியில் லத்தீனில் முடித்த பிரித்தானிய மன்னர் வரலாறு. பெரும்பாலோர், 15ஆம் நூற்றாண்டில் ஆங்கில உரைநடையில் ஆர்தர் கதையை எழுதிய மாலரியிடம்தான் போகிறார்கள். ஏன் போகக்கூடாது என்பதையும் பார்ப்போம்.

வெல்ஷ் மூலங்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். குல்ஹுக், ஓல்வென் கதையில் வரும் அரசவைப் பெயர்ப்பட்டியல் மட்டுமே 200 பெயர்களைத் தாண்டும், ட்விர்ச் ட்ருவித் பன்றி வேட்டை ஒரு முழு அத்தியாயத்துக்குத் தீனி போடும். ஆனால் அவை தனித்தனிக் கதைகள். பிறப்பு முதல் இறப்பு வரை போகும் கோடு அவற்றில் இல்லை. இவற்றை மொழிபெயர்ப்பு வழியாகவே படித்திருப்பதால் நடையைப் பற்றி நான் சொல்வதற்கு அதிக எடை தர வேண்டாம். பெயர்களுக்கும் பழைய மணத்துக்கும் இங்கே வரலாம், அவ்வளவுதான்.

மாலரியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1469-70இல் எழுதி முடித்தார், 1485இல் அச்சகர் காக்ஸ்டன் அதை 21 புத்தகம், 507 அத்தியாயமாகப் பிரித்து அச்சிட்டார். காட்சிகளும் பேச்சும் தயாராகக் கிடைக்கும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. ஆறாம் புத்தகத்தில் டார்க்வின் என்ற வீரன், தன் தம்பி கரடோஸை ஆர்தரின் தலைசிறந்த வீரன் லான்சலாட் கொன்றுவிட்டதாகச் சொல்லி வஞ்சம் தீர்க்க நிற்கிறான். அந்தக் கரடோஸ் கொல்லப்படும் காட்சியோ எட்டாம் புத்தகத்தில், டிரிஸ்டன் என்ற வீரனின் கதைக்கு நடுவே வருகிறது. தனித்தனியாகப் படிக்கும்போது இது உறுத்தாது. ஆனால் இரண்டு பாகங்களாகப் பிரித்து எழுதினால், இரண்டாம் பாகத்தில் செத்தவன் நான்காம் பாகத்தில் வாளோடு வந்து நிற்பான். மாலரியைப் பின்பற்றுவதென்றால் டிரிஸ்டன் பகுதி முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு சண்டையையும் புதிதாக வரிசைப்படுத்த வேண்டும். நூலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

இன்னொரு சங்கதி, 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் கிடைத்த மாலரி நூலின் கையெழுத்துப் பிரதியும் காக்ஸ்டன் பதிப்பும் ஒன்றல்ல. ரோமப் போர்ப் பகுதியைக் காக்ஸ்டன் பதிப்பு பாதிக்குக் கீழே வெட்டியிருக்கிறது. குறிப்பெடுக்கும்போது எந்தப் பிரதி என்று எழுதாமல் விட்டால், ஓராண்டு கழித்து அந்த வரியைத் தேடி அலைய நேரும்.

வல்கேட் தொகுதி (1215 முதல் 1235 வரையான காலத்துப் பிரெஞ்சு உரைநடை) கணக்கில் மாலரியைவிட மிகக் கெட்டி. கிரெயில் (வீரர்கள் தேடிப் போகும் புனிதக் கிண்ணம்) முன்கதை, மந்திரவாதி மெர்லின், லான்சலாட், கிரெயில் தேடல், ஆர்தரின் மரணம் என்று அதுவே ஐந்து பாகம். லான்சலாட் பகுதியில் திருநாள்களும் பயண நாள்களும் ஒன்றோடொன்று பொருந்துவதை 1918இலேயே ஃபெர்டினான் லோ விரிவாகக் காட்டியிருக்கிறார். பிறகு ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? முடிவில் வரும் வயதுகள்தான் காரணம். கடைசிப் பகுதியில் ஆர்தருக்கு 92, அவருடைய சகோதரி மகன் கவைனுக்கு 76, லான்சலாட்டுக்கு அதைவிட 21 குறைவு. அப்படியானால் அரசரும் லான்சலாட்டும் 37 வயது இடைவெளி உள்ளவர்கள். அரசி கினவீருக்கும் லான்சலாட்டுக்கும் இடையிலான காதல் விவகாரம் தோழனின் துரோகமாக இல்லாமல் கிழவரின் வீட்டில் நடக்கும் வேறொரு கதையாகிவிடும். அதை எழுத விரும்புகிறவருக்கு வல்கேட்டே சரி.

இனி ஜெஃப்ரி. இவர் தருவது காட்சி அல்ல, இடைவெளி. ஆர்தர் 15 வயதில் முடிசூடுகிறான். சாக்சன்களோடு போர், ஸ்காட்லாந்து, திருமணம், அடுத்த கோடையில் அயர்லாந்தும் ஐஸ்லாந்தும். பிறகு 12 ஆண்டு அமைதி. நார்வே, அதன்பின் கால் நாட்டில் (Gaul, இன்றைய பிரான்ஸ்) 9 ஆண்டு. திரும்பி வந்து கேர்லியனில் பெந்தகொஸ்தே திருநாள் அரசவை, அங்கே ரோமின் மிரட்டல் ஓலை, போர், ஆட்சியைப் பறிக்கும் மோர்ட்ரெட்டின் துரோகம், அவனோடு ரிச்பரோ, வின்செஸ்டர், கடைசியில் காம்லான் போர்கள். தொடக்கப் போர்களுக்கு 3 ஆண்டு வைத்தால் (இந்த 3 என் ஊகம், ஜெஃப்ரி எண் தரவில்லை) அமைதிக் காலம் ஆட்சியின் 4 முதல் 15ஆம் ஆண்டு வரை, நார்வே 16, கால் 17 முதல் 25, கேர்லியன் 26, காம்லான் 27. ஆர்தர் 41 வயதில் விழுகிறான்.

அந்த 12 ஆண்டில் என்ன நடந்தது என்று ஜெஃப்ரி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அந்த மௌனம்தான். இந்த வழியை இடைக்காலத்தாரே கண்டுபிடித்துவிட்டார்கள். 1155இல் ஜெஃப்ரியைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கிய வாஸ், மக்கள் பேசும் ஆர்தர் சாகசங்கள் எல்லாம் இந்த அமைதிக் காலத்தில் நடந்தவை என்றார். 13ஆம் நூற்றாண்டில் ஓர் எழுத்தர், இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் 1450ஆம் எண் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியில், வாஸின் செய்யுளை அந்த இடத்தில் நிறுத்தி, 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியேன் எழுதிய ஆர்தர் கதைகளை நடுவே செருகி, பிறகு வாஸைத் தொடர்ந்தார். பல பாகங்கள் எழுதுகிறவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடையாது.

சோதித்துப் பார்க்க மிகக் கடினமான ஆள், லான்சலாட்டின் மகனும் கிரெயிலை அடைபவனுமான கலஹாட். பிற்காலக் கதைப்படி அவன் சுமார் 15 வயதில் அரசவைக்கு வருகிறான். அதை ஆட்சியின் 23ஆம் ஆண்டில் வைத்தால் பிறப்பு 8ஆம் ஆண்டு. அதற்கு முன் லான்சலாட் புகழ்பெற்றிருக்க வேண்டும், ஆக அவன் 18 வயதில் அரசவைக்கு வருவது 6ஆம் ஆண்டு. அப்போது ஆர்தருக்கு 20. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதுத் தோழர்கள் ஆகிவிடுகிறார்கள், கதை இறுகுகிறது. மாலரிப்படி மோர்ட்ரெட் முதல் ஆண்டை ஒட்டிப் பிறந்தாலும் காம்லானில் 26 வயது இளைஞன், அதுவும் பொருந்துகிறது.

பிசகும் இடம் பெந்தகொஸ்தே. கிரெயில் தேடல் தொடங்குவதும் அந்தத் திருநாளில், ரோமத் தூதர் வருவதும் அதே திருநாளில். இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்தால் வீரர்கள் தேடலுக்குப் போய்விடுவார்கள், போருக்கு ஆள் இருக்காது. மாலரி ரோமப் போரை ஐந்தாம் புத்தகத்துக்கே முன்தள்ளிவிட்டார். ஜெஃப்ரியைப் பின்பற்றும்போது அது முடியாது. கிரெயிலைத்தான் 23க்கு இழுத்து, திருநாளுக்காக அரசர் கால் நாட்டிலிருந்து கடல் கடந்து வந்ததாக வைக்க வேண்டும். இந்த ஒட்டு வெளியே தெரியும், மறுக்கவில்லை.

கி.பி. ஆண்டை எந்தப் பாகத்திலும் அச்சிடாதீர்கள். காம்லானுக்கு ஜெஃப்ரி தருவது 542, வெல்ஷ் ஆண்டுக்குறிப்புகள் தருவது 537. மாலரியின் நூலில், வட்ட மேசையில் கலஹாட்டுக்கென ஒதுக்கிய ‘ஆபத்து இருக்கை’யில் எழுதியிருப்பது இயேசுவின் பாடுகளுக்குப் பின் 454. 33ஐக் கூட்டினால் 487. ஜெஃப்ரியே தன்னோடு முரண்படுகிறார்: கால் நாட்டை ஃப்ரோலோ என்ற ரோம அதிகாரி ஆள்வது லியோ பேரரசரின் பெயரால் என்கிறார், முதலாம் லியோ ஆண்டது 457 முதல் 474 வரை. ஆட்சியாண்டை மட்டும் எழுதினால் இந்தச் சண்டை எதிலும் நாம் மாட்டுவதில்லை.

கணக்கேட்டுக்கு ஒரு விரிதாள் போதும். வரிசைக்கு ஓர் ஆட்சியாண்டு. பத்திகளில் திருநாள், இடம், முக்கியமானவர்களின் வயது, மூலக்குறிப்பு, அச்சாகிவிட்டதா என்ற அடையாளம். வயதைக் கையால் நிரப்பாமல் பிறந்த ஆண்டைக் கழிக்கும் சூத்திரமாகப் போடுங்கள், ஓர் எண் மாறினால் எல்லாம் தானே மாறும். ஜெஃப்ரிக்குப் பழைய பதிப்புகளில் 12 புத்தகப் பிரிவும், பதிப்பாசிரியர் ஃபரால் போட்ட 208 பத்தி எண்ணும் உண்டு. ஆர்தர் வருவது 143 முதல் 178 வரை. இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள்.

ஜெஃப்ரியிடம் லான்சலாட் இல்லை, கிரெயில் இல்லை, வட்ட மேசைகூட வாஸ் கொண்டுவந்ததுதான். உரையாடலுக்கு மாலரியிடமும், காதலின் நுணுக்கத்துக்கு வல்கேட்டிடமும் கை நீட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்த இருவரிடமும் கிடைக்காத ஒரு கடைசிப் பாகம் இவரிடம் இருக்கிறது. காம்லானோடு நிற்காமல் 689இல் ரோமில் சாகும் கடைசிப் பிரித்தானிய மன்னன் கட்வலாதர் வரை இவர் எழுதிப் போகிறார். அந்தப் பாகத்தின் முதல் அத்தியாயமும் தயார்: ஆர்தருக்குப் பின் முடிசூடிய கான்ஸ்டன்டைன், மோர்ட்ரெட்டின் இரண்டு மகன்களையும் தேடிப் பிடித்து, ஒருவனை வின்செஸ்டர் தேவாலயப் பலிபீடத்தின் முன்னாலும், மற்றவனை லண்டன் மடம் ஒன்றிலும் வெட்டுகிறான்.