வால்வா, டையோடா: இரண்டும் உள்ள ஒரு கிட்டார் ஆம்புடன் சில ஆண்டுகள்

அண்மையில் என் ஆம்பின் ரெக்டிஃபையர் வால்வை, அதாவது மாறுமின்னோட்டத்தை ஆம்புக்கு வேண்டிய நேர்மின்னோட்டமாக்கும் வால்வை, மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், தாமும் இதே வகை ஆம்ப் வாங்க எண்ணியிருப்பதாகவும், பின்பக்கம் இருக்கும் வால்வு–டையோடு ஸ்விட்சுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா என்றும் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. என்னுடையது ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு 6எல்6ஜிசி பவர் வால்வுகளுடன் 50 வாட் தரும் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப். ரெக்டிஃபையராக ஒரு 5யூ4ஜிபி வால்வும், அதற்கு மாற்றாக சிலிக்கான் டையோடுகளும் உள்ளன. மேசா பூகி நிறுவனத்தின் டூயல் ரெக்டிஃபையர் என்ற ஆம்ப் இந்த ஏற்பாட்டை 1990களில் பரவலாக அறியச் செய்த பிறகு, வேறு பல தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றினார்கள்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். வால்வு நிலையில் வைத்து, வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, கிட்டார் ஒலியை முதலில் பெருக்கும் முன்கட்ட வால்வுகளின் டிஸ்டார்ஷனைக் குறைத்து, ஒரு முழுக் கார்டை அழுத்தமாக மீட்டினால், பவர் வால்வுகள் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கின்றன. 5யூ4ஜிபியின் உள்தடையால் மின்னழுத்தம் இறங்குகிறது. கார்டின் முதல் அடி சற்றே அமுங்கி, அடுத்த கணம் ஒலி நிமிர்ந்து விரிகிறது. நெல் குத்தும்போது உலக்கை கைக்குத் திருப்பித் தரும் எழுச்சியைப் போல, இந்தத் தொய்வும் காதுக்கு முன்பே விரலுக்குத் தெரிகிறது. டையோடில் இழப்பு ஒரு வோல்ட் அளவே என்பதால் மீட்டல் உடனே, அப்படியே, வெட்டினாற்போல் வருகிறது. ஆறாம் தந்தியைத் தாழ்த்திக் கட்டி வேகமான ரிஃப் வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும், எனக்கு வேண்டாம். மெதுவான புளூஸ் வாசிப்பவனுக்கு வால்வு நிலை தரும் இன்பத்தை எந்தப் பெடலும் இதுவரை தரவில்லை.

ஆனால் விற்பனைக் காணொளிகள் ஒன்றைச் சொல்வதில்லை. அறைக்குள் அடக்கி வாசிக்கும் அளவில் இந்த ஸ்விட்ச் ஏறத்தாழ ஓர் அலங்காரம்தான். பவர் வால்வுகள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தால்தான் தொய்வு வரும். குறைந்த ஒலியில் இழுப்பு பெரிதாக மாறுவதே இல்லை. முன்கட்ட வால்வுகளிலேயே டிஸ்டார்ஷனை உருவாக்கினாலும் இதே கதைதான், ஏனெனில் அவற்றின் நுகர்வு மிகச் சிறியது, நிலையானது. எனவே அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாசிப்பவர்கள் இதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஸ்விட்ச் மின்னழுத்தத்தை மாற்றுகிறது, பயஸை, அதாவது வாசிக்காதபோது பவர் வால்வுகளில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் அமைப்பை, மாற்றுவதில்லை. என் ஆம்பில் ஒலியின்றி இருக்கும்போது டையோடு நிலையில் பவர் வால்வின் பிளேட் என்ற மின்முனையில் மின்னழுத்தம் சுமார் 460 வோல்ட், வால்வு நிலையில் சுமார் 430 வோல்ட். 6எல்6ஜிசியின் வெப்ப எல்லை 30 வாட். எல்லையில் 70 விழுக்காடு என்ற வழக்கமான கணக்கின்படி டையோடு நிலையில் 21 வாட்டுக்கு, அதாவது ஒரு வால்வுக்கு 45 மில்லியாம்பியர் அளவில் பயஸை அமைத்தால், வால்வு நிலைக்கு மாறியதும் வால்வின் மற்றொரு மின்முனையான ஸ்கிரீனின் மின்னழுத்தமும் சேர்ந்து இறங்குவதால் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்து, வெப்பம் 15 வாட்டை ஒட்டிவிடுகிறது. ஒலி மெலிந்து, விளிம்பில் கரகரப்பு தட்டுகிறது. வால்வு நிலைக்கு ஏற்ப அமைத்தாலோ, டையோடு பக்கம் மாற்றியதும் வால்வுகள் எல்லையை நெருங்கிக் கொதிக்கின்றன. ஆக, தொழிற்சாலை அமைப்பில் நாம் ஒப்பிட்டுக் கேட்பது இரண்டு ரெக்டிஃபையர்களை அல்ல; சரியான பயஸில் உள்ள டையோடையும், குளிர்ந்த (மின்னோட்டம் குறைவான) பயஸில் உள்ள வால்வையும்தான். ‘வால்வு நிலை மந்தமாக இருக்கிறது’ என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இந்த விலைக்கு, அதே ஸ்விட்சோடு பயஸ் மின்தடை ஒன்றையும் சேர்த்து மாற்றும் இணைப்பைத் தந்திருக்கலாம்; அதற்கு ஆகும் செலவு அற்பம். மாலையில் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்டிலிருந்து இறங்கிவிடும் தெருக்களில் இந்த ஒப்பீடு இன்னும் குழம்பும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நியாயமாகப் பேசினால், இந்த ஸ்விட்ச் ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. நிகழ்ச்சிக்குச் சற்று முன் 5யூ4ஜிபி உள்ளேயே பொறிந்து ஃபியூஸ் போனபோது, அந்த வால்வைக் கழற்றிவிட்டு, ஃபியூஸை மாற்றி, டையோடில் முழு நிகழ்ச்சியையும் வாசித்து முடித்தேன். அன்று எவரும் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை, எங்கள் டிரம்மர் உட்பட.

பழுது பார்த்தவர், 5யூ4ஜிபிக்குப் பதிலாக ஜிஸெட்34 என்ற வேறொரு ரெக்டிஃபையர் வால்வைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல யோசனைதான்: முழுச் சுமையில் முன்னது 40–50 வோல்ட்டை விழுங்கும், பின்னது ஏறத்தாழ 17 வோல்ட்டோடு விட்டுவிடும், வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் 3 ஆம்பியருக்குப் பதில் 1.9 ஆம்பியர் போதும். மார்ஷல் ஜேடிஎம்45, ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆகியவற்றில் இருந்த வால்வு இதுவே. போட்டதும் இரண்டு நிலைகளுக்கும் இடையிலான பயஸ் வேறுபாடு பொறுக்கத்தக்க அளவுக்குச் சுருங்கியது. கூடவே நான் விரும்பிய தொய்வும் சுருங்கிவிட்டது. குறையைத் தீர்த்தால் ஸ்விட்சுக்கு வேலையே இல்லாமல் போகிறது என்பது எரிச்சலின் உச்சம். ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் புதிய 5யூ4ஜிபி ஒன்றை வாங்கிச் செருகி, வால்வு நிலைக்கே பயஸை அமைத்து, ஸ்விட்சின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன்.

இப்போது ஆம்ப் பிரமாதமாக ஒலிக்கிறது. விற்கும் எண்ணமும் இல்லை. இருந்தும் நண்பருக்கு என் பரிந்துரை, இந்த ஸ்விட்ச் இல்லாத ஆம்பை வாங்குங்கள் என்பதே. தொய்வு வேண்டுமென்றால் 5யூ4ஜிபிக்காகவே வடிவமைத்த ஒன்று. வேண்டாமென்றால், டையோடு மட்டுமே உள்ள ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற ஒன்று. இரண்டும் கட்டாயம் வேண்டுமென்று அடம்பிடித்தால், ரெக்டிஃபையரோடு பயஸும் மாறுகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் விழித்தால், இரண்டு நிலைகளிலும் பயஸை அளந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.