கண்ணாடிக் கடையா, முகாமா, கண் டாக்டரா?

அப்பாவுக்கு சுகர் என்று தெரிந்த அன்றே, “வருஷா வருஷம் கண்ணைக் காட்டிவிடுங்கள்” என்றார் டாக்டர். எங்கே காட்டுவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பாலக்கோட்டுக்காரர்களான எங்களுக்கு மூன்று வழிகள்: கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட், அவ்வப்போது நடக்கும் இலவச முகாம், தர்மபுரி போய் கண் டாக்டரிடம் முழுப் பரிசோதனை. நாங்கள் பிடித்துக்கொண்டது மூன்றாவதை. இப்போதும் அதையே சொல்வேன்.

கண்ணாடிக் கடையில் கால் மணி நேரத்தில் வேலை முடியும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து மட்டும் வந்தவருக்குப் பவர் கிடைத்துவிடும். ஆனால் அந்த மெஷின் அளப்பது பவரை மட்டுமே. சுகரால் விழித்திரையில் ரத்தக் கசிவு ஆரம்பிக்கும் காலத்தில் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கடைசி வரி வரை படித்துக் காட்டிவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். எனக்குப் பயமே அந்த நிம்மதிதான்.

முகாமைக் குறை சொல்ல மனசு வராது. புரை முற்றிய எங்கள் பெரியம்மாவை முகாமிலிருந்தே வண்டியில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது ஊசியில் அவரே நூல் கோக்கிறார். புரைக்கு முகாம் கைகண்ட வழி. வருடா வருடம் கவனிக்க வேண்டிய கண்ணுக்கு அது போதாது. அடுத்த முறை வருகிறவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம். போன தடவை என்ன பார்த்தார்கள் என்ற குறிப்பும் அவர்கள் கையில் இருக்காது.

நான் டாக்டர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணமே அந்தக் குறிப்புதான். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வை குறையும். நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் நமக்கே தெரியாது. புரையில் போன பார்வை ஆபரேஷனில் திரும்பும், இதில் போனது திரும்பாது. கண் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 வரை (மி.மீ. பாதரச அளவில்) இருக்கும் என்பார்கள். ஆனால் அந்த அளவுக்குள் இருந்தே நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் கூடியும் கெடாதவர்களும் உண்டு. அதனால் அழுத்தத்தோடு, கண் நரம்பின் நடுவிலிருக்கும் குழி, நரம்பு முகப்பின் அகலத்தில் எத்தனை பங்கு என்பதையும் டாக்டர் பார்த்து எழுதுகிறார். அப்பாவின் சீட்டில் 0.4 என்று இருக்கிறது. அடுத்த வருடம் அதே 0.4 என்றால் சரி, 0.6 ஆகிவிட்டால் உடனே கவனிக்க வேண்டிய மாற்றம். முதல் முறை வருகிறவரிடம் அந்த 0.6 நோயா, பிறவி அமைப்பா என்று சொல்வது டாக்டருக்கே கஷ்டம். குழந்தைக்கு எடை போடும் அட்டை மாதிரிதான்: ஒரு தடவை போட்ட எடையைவிட, போன தடவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே விஷயம்.

சிரமம் இல்லாமல் இல்லை. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகும் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து கலங்கும். பைக்கில் போகாதீர்கள், துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போங்கள். தக்காளி பறிப்பு நடக்கும் நாளில் அப்பாவைக் கிளப்புவது பெரும்பாடு என்பதால், பறிப்பு இல்லாத நாளாகப் பார்த்துப் போகிறோம்.

செலவு இடிக்கிறது என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. அங்கே எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் சீட்டை பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோனால், நான் சொல்கிற பலன் அங்கேயும் கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால், சுகர் இல்லாவிட்டாலும் நாற்பது வயதுக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அப்புறம், கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விடுகிறவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்தப் புட்டியையும் சீட்டோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.