லீட், எட்ஜ்: வளரும் நாடுகளில் எது கைக்கு எட்டும்?

ஆற்றலையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் கட்டடங்களுக்குத் தரும் பசுமைக் கட்டடச் சான்றிதழை வாங்க நினைப்பவர்களைப் பணத்துக்கு முன்பே மலைக்க வைப்பது காகித வேலைதான்.

அமெரிக்காவில் உருவான லீட் (LEED) சான்றிதழ் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 80 எடுத்தால் அதிலேயே மிக உயர்ந்த தரமான பிளாட்டினம். உள்காற்றின் தரத்துக்கான சில புள்ளிகள் வேண்டுமென்றால் பெயின்ட், பசை போன்றவற்றுக்கு ஆய்வகச் சோதனை அறிக்கை காட்ட வேண்டும். உள்ளூர்ச் சிறு உற்பத்தியாளரின் பெயின்ட் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துச் சொல்லும் தாள் அவரிடம் இருக்காது. கடைசியில் வெளிநாட்டுப் பொருள் கப்பலேறி வரும். பசுமைக்காக இவ்வளவு தூரம் எரிபொருள் எரிப்பது எனக்கு உறுத்துகிறது. கட்டடம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கும் என்று கணக்கிடவும் பெரும்பாலும் தனி நிபுணர் வேண்டும், அவர்கள் அரிது.

உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி (பன்னாட்டு நிதிக் கழகம்) உருவாக்கிய எட்ஜ் (EDGE) சான்றிதழ், வளரும் நாடுகளை மனத்தில் வைத்தே வந்தது. ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருளில் பொதிந்த கார்பன் (அதைத் தயாரிக்கும்போது வெளியாவது) மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதம் மிச்சம் காட்டினால் போதும். மென்பொருள் இலவசம். சன்னல் அளவைக் குறைத்துப் போட்டால் எவ்வளவு மிச்சம் என்று உடனே காட்டிவிடும். குறை என்னவென்றால், உள்காற்று, இடத்தேர்வு, போக்குவரத்து எதையும் அது மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

உள்காற்று முக்கியமான மருத்துவமனை, பள்ளி என்றால் லீட் பக்கம் சாய்வேன். சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தயங்காமல் எட்ஜ்.